காற்றுமானி வாங்கட்டோ, மாமா?

அக்காவின் மகள் இந்த வருடம் கைற்சேர்ஃபிங் பழகுகிறாள். ஆளைவிடப் பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் ஏற்றி, இடுப்பில் கட்டிய பட்டியில் அதைக் கொளுவி, காலடியில் ஒரு பலகையோடு தண்ணீர்மேல் இழுபட்டுப் போகிற விளையாட்டு. ரொறன்ரோவில் அதற்குப் பேர்போன இடம் செர்ரி பீச். போன கிழமை தேத்தண்ணிக்கு வந்தவள் கோப்பையைக் கையில் எடுக்கும் முன்பே கேட்டாள்: "மாமா, கையில பிடிச்சுக் காத்தை அளக்கிற மீற்றர் ஒண்டு வாங்கட்டோ? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லினம்."

வாங்காமலே பழகலாம் என்பதுதான் என் பதில். வாங்கினாலும் பிழையில்லை. ஆனால் அந்தக் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரியாமல் அதை நம்பிப் பட்டத்தை எடுத்தால் ஆபத்து. அதை அவளுக்கு ஆறுதலாக இருந்து விளக்கினேன். ஒன்ராறியோ ஏரியில் பழகத் தொடங்கியிருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

காற்றின் வேகமும் அதன் இழுவையும் ஒரே கணக்கில் ஏறுவதில்லை என்பதிலிருந்து தொடங்கவேண்டும். வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும். 10 நொட் காற்று 14 நொட் ஆனாலே இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் இந்த விளையாட்டுக்காரர் ஒரே பட்டத்தோடு இருப்பதில்லை. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 15 நொட் காற்றுக்கு 11 அல்லது 12 சதுர மீற்றர் பட்டம் எடுப்பார். 20 நொட்டுக்கு 8 அல்லது 9 போதும். எந்தப் பையைத் திறப்பது என்பதைக் கரையில் நின்றே தீர்மானித்துவிட வேண்டும். தண்ணீருக்குள் போனபின் பட்டத்தைச் சின்னதாக்க முடியாது.

இதிலேயே புதியவர்கள் சறுக்குகிற ஓரிடம் இருக்கிறது. கனடாவின் பொது வானிலை அறிக்கை காற்றை மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று சொல்லும். கடலோடிகளுக்கும் விமானிகளுக்கும் வருகிற அறிக்கை நொட்டில் வரும். ஒரு நொட் என்பது 1.852 கிலோமீற்றர். கரையில் ஒருவர் "இண்டைக்கு இருபது" என்று சொன்னால் எந்த இருபது என்று கேளுங்கள். 20 கிலோமீற்றர் என்றால் அது 11 நொட்கூட இல்லை. பழகுகிறவருக்கு மெல்லிய காற்று. 20 நொட் என்றால் 37 கிலோமீற்றர். இரண்டுக்கும் இழுவையில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். மானி வைத்திருப்பவரும் அதன் அலகு எதில் நிற்கிறது என்று பார்க்காவிட்டால் இதே குழியில்தான் விழுவார்.

சரி, எண் முக்கியம் என்றால் கையிலே அளந்து பார்ப்பதுதானே நல்லது? அவளும் அப்படித்தான் கேட்டாள். கையிலே அளப்பது எந்தக் காற்றை என்று யோசிக்கவேண்டும்.

நிலமும் மணலும் மரமும் தண்ணீரும் காற்றை உரசிப் பிடித்து வேகத்தைக் குறைக்கின்றன. மேலே போகப் போக அந்தப் பிடி தளரும். தட்டையான திறந்த வெளியில், தலைக்குச் சற்று மேலே 2 மீற்றர் உயரத்தில் வீசுகிற காற்று, 10 மீற்றர் உயரத்துக் காற்றின் ஐந்தில் நான்கு பங்கு அளவில்தான் இருக்கும். உலகெங்கும் வானிலை நிலையங்கள் 10 மீற்றர் கம்பத்தின் உச்சியில் காற்றை அளப்பது இதற்காகத்தான். பட்டத்தின் நூல்களோ பெரும்பாலும் 20 முதல் 24 மீற்றர் நீளம். அது தலைக்கு நேரே நிற்கும்போது அந்த 10 மீற்றரையும் தாண்டி நிற்கிறது. தண்ணீர்மேல் உரசல் குறைவு என்பதால் கீழுக்கும் மேலுக்கும் இடைவெளி கொஞ்சம் சுருங்கும், இல்லாமல் போகாது. கடையில் விற்கிற நல்ல கைமானி ஒன்றின் பிழை நூற்றுக்கு மூன்று அளவே என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது உண்மைதான். அந்த மூன்றைப் பார்த்து நம்பி, உயரத்தால் வருகிற இருபதை மறந்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். ரொறன்ரோவில் இருந்துகொண்டு காற்றுமானி பற்றிப் பேசும்போது அவரை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜோன் பற்றர்சன், ஒன்ராறியோவில் பிறந்தவர், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1900களின் தொடக்கத்தில் அலகாபாத்துக்குப் போய் பௌதிகம் கற்பித்தார். பிறகு இந்திய அரசின் வானிலைத் துறையில் வேலை செய்தார். 1910இல் திரும்பி வந்து கனடாவின் வானிலைச் சேவையில் சேர்ந்தார். அதன் தலைமையகம் அப்போது புளோர் வீதி மேற்கில், 315ஆம் இலக்கக் கல் கட்டிடத்தில் இருந்தது. 1909இல் கட்டிய அந்தக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. இப்போது பல்கலைக்கழகத்தின் கையில்.

பற்றர்சனின் மானி வரும் முன்பு உலகம் பயன்படுத்தியது அயர்லாந்தின் ஆர்மாவைச் சேர்ந்த றொபின்சன் 1846இல் அமைத்த நான்கு கிண்ண மானி. குறுக்குச் சட்டத்தில் நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள். குழிந்த பக்கத்தில் காற்று கூடப் பிடிக்கும், குவிந்த பக்கத்தில் வழுக்கும். அந்த வித்தியாசத்தில் சுழலும். கிண்ணம் எந்த அளவானாலும் அது காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில்தான் ஓடும் என்று றொபின்சன் நினைத்தார். அது சரியில்லை, கிண்ணத்தின் அளவையும் தண்டின் நீளத்தையும் பொறுத்து மாறும். பற்றர்சன் 1926இல் மூன்று கிண்ணங்கள் கொண்ட மானியை உருவாக்கினார். மூன்று கிண்ணம் காற்று கூடினால் சுணங்காமல் கூடும், குறைந்தால் குறையும். வேகத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் சுழலும். இன்றைக்கும் எத்தனையோ நாடுகளில் கம்பத்தின் உச்சியில் சுழல்வது அந்த மூன்று கிண்ணம்தான். அலகாபாத்தில் பாடம் சொன்ன ஒருவர் இந்த நகரத்தில் செய்த வேலை அது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கையில் பிடிக்கிற சின்ன மானிகளில் பலவற்றில் கிண்ணம் இல்லை. விரல்நுனி அகல வளையத்துக்குள் ஒரு சின்ன விசிறி இருக்கும். அதைக் காற்றுக்கு நேராகப் பிடிக்கவேண்டும். சற்று விலகினால் சற்றுக் குறைத்துக் காட்டும், நன்றாக விலகினால் நிறையவே குறைத்துக் காட்டும். உடம்போடு ஒட்டிப் பிடித்தால் உங்கள் உடம்பே காற்றை மறைத்துவிடும்.

இனி செர்ரி பீச்சுக்கு வருவோம். செர்ரி வீதியின் தெற்கு முனையில், வெளித்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிற கரை அது. மேற்குப் பக்கம் ரொறன்ரோத் தீவுகளும் அவற்றின் மரங்களும். கிழக்கிலும் தெற்கிலும் லெஸ்லி வீதி முனை, நகரத்தின் கட்டிட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் அளவுக்கு நீட்டிய நிலம். கரைக்குப் பின்னால் மர வரிசை, அதற்குப் பின்னால் வடக்கே நகரத்தின் உயரக் கட்டிடங்கள். காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறதோ, அதைப் பொறுத்து இது வேறுவேறு கரையாகிவிடும்.

தென்மேற்குக் காற்று ஏரியில் இருந்து வருகிறது. தடங்கல் குறைவு. அப்போது தண்ணீரோரம் நின்று மானியைப் பிடித்தால் கிடைக்கிற எண் ஓரளவு நம்பக்கூடியது. வடக்குக் காற்று என்றால் கதை வேறு. அது கட்டிடங்களையும் மரங்களையும் கடந்து சுழன்று வருகிறது. வானிலைக்காரர்கள் மானிக் கம்பத்தை நடும்போது, பக்கத்தில் உள்ள தடையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரமாவது தள்ளி நடவேண்டும் என்பார்கள். 20 மீற்றர் மரத்துக்கு 200 மீற்றர். செர்ரி பீச்சின் மணலில் மரங்களுக்கு முன்னால் நின்று வடக்குக் காற்றை அளப்பவர் அந்த மரங்களின் மறைவைத்தான் அளக்கிறார். மானி 8 நொட் காட்டும். நூறு இருநூறு மீற்றர் வெளியே போனால் அங்கே காற்று அதன் முழுப் பலத்தோடு விழுந்துகொண்டிருக்கும். அதுவும் கரையைவிட்டு வெளியே தள்ளுகிற காற்று. எந்த எண் காட்டினாலும் வடக்குக் காற்றில் இறங்காதே என்று அவளுக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

கண்ணால் பார்த்துக் காற்றை மதிப்பது பழைய வித்தை. பிரித்தானியக் கடற்படையின் பிரான்சிஸ் போஃபோட் 1805இல் 0 முதல் 12 வரை ஓர் அளவை வைத்தார். பாய்க்கப்பல் எவ்வளவு பாய் விரித்து ஓடலாம் என்பதை வைத்துத்தான் முதலில் காற்றை எண்ணினார்கள். பிறகு அதற்குக் கடலின் தோற்றமும் கரையின் அடையாளங்களும் சேர்ந்தன. நமக்கு வேண்டியது அதில் இரண்டு படிகள். நாலாவது படியில், 11 முதல் 16 நொட் வரை, சின்ன அலைகளின் முகட்டில் அடிக்கடி வெள்ளை தெரியும். கரையில் புழுதியும் கடதாசியும் கிளம்பும். ஐந்தாவது படியில், 17 முதல் 21 வரை, எங்கு பார்த்தாலும் வெள்ளை. இலையோடு நிற்கிற இளமரங்கள் ஆடத் தொடங்கும்.

ஆனால் போஃபோட்டின் படிகள் திறந்த கடலுக்கு உரியவை. நம்முடையது நன்னீர் ஏரி. உப்புநீரில் நுரைக்குமிழிகள் பொடியாக உண்டாகி நெடுநேரம் நிற்கும். நன்னீரில் பெரிதாக உண்டாகி உடனே உடைந்துபோகும். அதே காற்றுக்கு ஏரி கடலைவிட வெள்ளை குறைவாகத்தான் காட்டும். இலங்கையின் கற்பிட்டியில் பழகிவிட்டு இங்கே வருகிறவர் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். கண் அங்கே கற்ற கணக்கை வைத்து "மெல்லிய காற்றுத்தான்" என்று சொல்லிவிடும். இன்னொன்று, அலை எழும்புவதற்குக் காற்று தண்ணீர்மேல் நெடுந்தூரம் ஓடவேண்டும். கரையில் இருந்து வெளியே வீசும் காற்றில் கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், பலமான காற்றானாலும். இதுபோலக் கண் ஏமாறும் இடத்தில் கையில் ஒரு மானி இருந்தால் நல்லதுதான்.

எனக்கு மானியைவிட நம்பிக்கை தருவது தண்ணீரில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பவர்களைப் பார்ப்பது. யாருடைய பட்டம் எத்தனை மீற்றர், ஆள் என்ன எடை இருப்பார் என்று பாருங்கள். பட்டத்தின் அளவு பெரும்பாலும் அதன் துணியிலேயே எழுதியிருக்கும். பிறகு அவருடைய கையைப் பாருங்கள். கையில் பிடித்திருக்கிற கோலைத் தன்னை விட்டுத் தள்ளினால் இழுவை குறையும், தன்பக்கம் இழுத்தால் கூடும். ஒருவர் கோலை முழுக்கத் தள்ளிப் பிடித்தபடி, குதிக்காலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்துப் போராடுகிறார் என்றால் அவருக்குப் பட்டம் பெரிது. இன்னொருவர் பட்டத்தை மேலும் கீழுமாக எட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டே இருந்தும் பலகை அமிழ்கிறது என்றால் அவருக்குக் காற்றுப் போதாது. பட்டம் நிற்கிற உயரத்துக் காற்றைத்தான் அவர்களுடைய கைகள் உங்களுக்குக் காட்டுகின்றன.

யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரருக்கு இது புதுச் செய்தி இல்லை. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கிற பட்டத் திருவிழாவில் மானி பார்த்துப் பட்டம் ஏற்றுகிறவரை யார் கண்டார்? நூல் பட்டத்தோடு சேரும் முச்சையைக் கட்டும்போதே அன்றைய காற்றுக்கு ஏற்ப நூலைக் கூட்டியும் குறைத்தும் கட்டுவார்கள். பட்டம் எழும்பியபின் நூல் கையை இழுக்கிற இழுவை ஒரு செய்தி. மேலே விண் கூவுகிற ஓசை இன்னொரு செய்தி. வில்லாக வளைத்த சிலாகையில் இழுத்துக் கட்டிய நாடா அது. காற்று வலுத்தால் ஓசை ஏறும், சோர்ந்தால் இறங்கும். கீழே நிற்பவருக்குப் பட்டத்தின் உயரத்தில் இருந்து வருகிற அறிவிப்பு. அந்தக் காதும் கையும் உள்ள பிள்ளைகள் இங்கே கைற் பழகும்போது விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

"அப்ப எண்ணே தேவையில்லையோ?" என்றாள். தேவை. ஆனால் ஓர் எண் போதாது, இரண்டு எண் வேண்டும். காற்று சோர்கிறபோது எவ்வளவு, வீச்சு வருகிறபோது எவ்வளவு. 15க்கும் 18க்கும் இடையில் ஆடுகிற காற்றும், 10க்கும் 25க்கும் இடையில் ஆடுகிற காற்றும் சராசரியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். முதலாவது பழகுகிறவருக்குக் கிடைத்த வரம். இரண்டாவதில், வீச்சு வரும்போது இழுவை சோர்வின்போது இருந்ததைவிட ஆறு மடங்குக்கும் மேல். சராசரியைப் பார்த்துப் பட்டம் எடுத்தவரை ஒரு கணம் தண்ணீரில் அமிழ்த்தி மறுகணம் தூக்கி எறியும். ஆகவே மானி இருந்தால் அதை ஒருதடவை பார்த்துவிட்டுப் பைக்குள் போடாதீர்கள். தண்ணீரோரம் போய், கையை நீட்டி, தலைக்கு மேலே காற்றுக்கு நேராகப் பிடித்து, ஐந்து பத்து நிமிடமாவது நின்று, ஆகக் குறைந்ததையும் ஆகக் கூடியதையும் மனதில் வையுங்கள்.

அதே இரண்டு எண்ணும் காசில்லாமல் கிடைக்கிற இடமும் உண்டு. செர்ரி பீச்சுக்கு மேற்கே நாலு கிலோமீற்றர் அளவில், தீவில் இருக்கிற பில்லி பிஷப் விமான நிலையத்தின் அவதானிப்பு. அங்கே இரண்டு நிமிடச் சராசரியைச் சொல்கிறார்கள், வீச்சு இருந்தால் தனியாகச் சொல்கிறார்கள். மேற்குக் காற்று உங்களுக்கு வருமுன் அவர்களைக் கடந்துதான் வருகிறது. கனடாவின் சுற்றாடல் துறை ஒன்ராறியோ ஏரியின் மேற்குப் பகுதிக்கு வெளியிடும் கடலோடிகளுக்கான முன்னறிவிப்பையும் பாருங்கள். 20 நொட்டைத் தாண்டும் என்றால் பலத்த காற்று எச்சரிக்கை வரும். பழகுகிறவர் அந்தச் சொல்லைக் கண்டால் அன்றைக்குக் கரையில் நின்று மற்றவர்களைப் பார்த்துப் படிக்கலாம். வெயில் ஏறிய ஜூன் மத்தியானங்களில் நிலம் சூடாகி ஏரி குளிர்ந்திருக்கும்போது எழும்புகிற ஏரிக்காற்றை முன்னறிவிப்புகள் சிலவேளை தவறவிடும். அதற்குக் கரைக்குப் போய்த்தான் பார்க்கவேண்டும்.

எந்த மானியும் சொல்லாத ஒன்று, இன்னும் பத்து நிமிடத்தில் என்ன வரும் என்பது. 2022 மே 21ஆம் தேதி, சனிக்கிழமை, தெற்கு ஒன்ராறியோவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போன இடிப்புயல் வரிசையை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பியர்சன் விமான நிலையத்தில் மணிக்கு 120 கிலோமீற்றர் அளவில் வீச்சு பதிவானது. உயிர்கள் போயின. அப்படிப்பட்ட நாளில், புயலின் முகப்பு வந்து மோதும்வரை கரையில் காற்று சாதாரணமாக இருக்கலாம்; கையில் உள்ள மானி 12 நொட் என்று உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கும். மேற்கு வானில் கறுத்த முகில் சுவராக எழுந்தாலோ, காற்று திடீரென்று குளிர்ந்து திசை மாறினாலோ, தொலைபேசியில் எச்சரிக்கை கத்தினாலோ, பட்டத்தை இறக்கிச் சுருட்டவேண்டும். அப்போது அளந்துகொண்டு நிற்கக் கூடாது.

2005க்கு முன்பு என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். பிரான்சின் லெகெனு சகோதரர் 1984இல் காற்றடைத்த விளிம்புள்ள பட்டத்துக்குக் காப்புரிமை எடுத்தார்கள். அந்த வழியில் வந்த ஆரம்பகாலப் பட்டங்களுக்குக் காற்றின் வேகத்தில் குறுகிய எல்லைதான். காற்று கொஞ்சம் கூடினாலே கையை மீறும். 2005 அளவில் வந்த வில் வடிவப் பட்டங்களில் கோலைத் தள்ளினால் இழுவையில் மிகப் பெரும் பகுதி இல்லாமல் போகும். ஒரே பட்டம் அகன்ற எல்லைக்குள் ஓடுகிறது. அந்தக் கண்டுபிடிப்பு வந்தபின் ஒரு நொட் இரண்டு நொட் துல்லியத்துக்காக மானியை நம்பவேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. அவசரத்துக்குப் பட்டத்தை விடுவிக்கிற கொளுவியைக் கண்ணை மூடிக்கொண்டும் இழுக்கத் தெரிந்திருப்பது அதைவிட முக்கியம்.

யாருக்கு மானி உதவும்? தனியே, முன்பின் தெரியாத கரைகளுக்குப் போகிறவருக்கு உதவும். கற்பிக்கிறவருக்கு உதவும், மாணவரின் பட்டத்துக்கு அவர் பொறுப்பு. பழகுகிறவருக்கும் ஒரு விதத்தில் உதவும்: முதலில் தண்ணீரைப் பார்த்து "பதினாலு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு அளந்து பார்ப்பது. ஒரு பருவம் இப்படிச் செய்தால் கண் தேறிவிடும். கரையில் மானி வைத்திருக்கிற யாரிடமும் இரண்டு நிமிடம் வாங்கியும் இதைச் செய்யலாம்.

கடைசியாகக் குளிர். ரொறன்ரோவில் நல்ல காற்று இலையுதிர் காலத்தில்தான் அதிகம். 0 பாகைக் காற்று 25 பாகைக் காற்றைவிட நூற்றுக்கு ஒன்பது அளவு அடர்த்தி கூடியது. மானி ஜூலையிலும் நவம்பரிலும் அதே 18 நொட் காட்டும். நவம்பரில் இழுவை கூடவே இருக்கும். வெயில் காலத்திலும் ஏரி இன்னொரு வேலை செய்யும். மேற்குக் காற்று விடாமல் அடித்தால், பூமியின் சுழற்சியால் மேல்மட்டத்து இளஞ்சூட்டு நீர் காற்றின் வலப்புறமாக, எங்கள் கரையை விட்டுத் தெற்கே விலகும். அந்த இடத்துக்கு அடியில் இருந்து குளிர்நீர் ஏறும். நேற்று 20 பாகையாக இருந்த தண்ணீர் இன்று 10 பாகைக்கும் கீழே போகலாம். நாம் விரும்புகிற அதே காற்றுத்தான் அதைக் கொண்டுவருகிறது. ஆகவே மானிக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கும் காசைத் தடித்த நீருடைக்கும், கையுறைக்கும், காலுக்கு உறைக்கும் போடச் சொல்லி அவளிடம் சொன்னேன். மீந்தால் மானி வாங்கட்டும்.